யசோதாவின் இரண்டு படங்கள்

“இப்ப நீங்க எடுக்கப்போற படமும் இந்தப் படமும் பக்கத்துல பக்கத்துல வரணும் மேடம்,” என்று கில்பர்ட் தன் போனை நீட்டினான். திரையில், ஒரு வீட்டு வாசலில் நின்றிருந்த பெண் கொடி மாதிரி ஒல்லியாக இருந்தாள்.

தமயந்தி நிமிர்ந்து எதிரே பார்த்தாள். பெஞ்சில் உட்கார்ந்திருந்த யசோதா அதே பெண்தான். ஆனால் இப்போது கன்னம், தோள், இடுப்பு எல்லாமே சதைப்பிடிப்பாக இருந்தன. படத்தில் இருப்பவளைவிடப் பதினைந்து கிலோவாவது கூட இருப்பாள்.

ஜிம்களுக்கும் பயிற்சியாளர்களுக்கும் விளம்பரப் படம் எடுத்துக் கொடுப்பது தமயந்தியின் தொழில். ரிச்சர்ட்ஸ் டவுனில் ஒரு பழைய வீட்டின் மாடியில் கில்பர்ட் நடத்தும் இந்தச் சின்ன ஜிம்முக்கு அவள் வருவது இதுதான் முதல் தடவை. காலை வகுப்பு முடிந்து எல்லோரும் போயிருந்தார்கள்.

‘முன்பு’, ‘பின்பு’ என்று படத்துக்குக் கீழே எழுதப்போகிறீர்களா என்று கேட்டாள். என்ன எழுதுவது என்பதைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டு, கில்பர்ட் ஜன்னல் திரையை இழுத்துவிடப் போனான்.

அவள் கையில் அவனுடைய போன் இன்னும் இருந்தது. விளக்கு மாட்டுகிற சாக்கில் திரும்பி நின்று, அந்தப் படம் எடுத்த தேதியைப் பார்த்தாள். போன வருஷம் ஜனவரி. ஒல்லியான படம்தான் பழசு.

அவளுக்கு விஷயம் விளங்கிவிட்டது. இன்று எடுப்பதை ‘முன்பு’ என்றும், ஜனவரிப் படத்தை ‘பின்பு’ என்றும் போட்டுவிட்டால் யார் தேதி பார்க்கப்போகிறார்கள்?

இரண்டு வருஷத்துக்கு முன் இன்னொரு ஜிம்மில் இப்படித்தான் ஏமாந்தாள். அவள் எடுத்த ஒரு பெண்ணின் படத்துக்குப் பக்கத்தில் வேறு யாருடைய தொப்பையையோ ஒட்டி ஊர் முழுக்க விளம்பரம் செய்தார்கள். அந்தப் பெண்ணின் அண்ணன் மர்பி டவுனில் இவள் வீட்டு வாசலுக்கே வந்து, தெருவே வேடிக்கை பார்க்கக் கத்திவிட்டுப் போனான். அதன்பின் மூன்று மாதம் யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை.

கில்பர்ட் உள்ளே போய் ஒரு தட்டில் நான்கு அவித்த முட்டையும் இரண்டு வாழைப்பழமும் கொண்டுவந்து யசோதாவிடம் கொடுத்தான். வயிறு நிறைந்துவிட்டது என்று அவள் சொல்லியும் விடவில்லை. எதிரிலேயே நின்று, கடைசி முட்டை வரை சாப்பிட வைத்தான்.

வயிறு உப்பித் தெரிய வேண்டும் என்று பார்க்கிறான் என்று தமயந்தி நினைத்துக்கொண்டாள். அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

படம் எடுக்க ஆரம்பித்தார்கள். யசோதா குனிந்து, ஐம்பது கிலோ கம்பியை முகம் சுளிக்காமல் தூக்கி நிமிர்ந்தாள். கேமரா வழியாகப் பார்க்கும்போது அவள் கண்ணில் ஒரு கர்வம் தெரிந்தது. இவளை ஊரே பார்த்துச் சிரிக்கப்போகிறதே என்று தமயந்திக்கு மனசு ஆறவில்லை.

பத்துப் படம் எடுத்ததும் கேமராவைப் பைக்குள் வைத்தாள்.

“என்ன மேடம்? ஸ்வல்ப, கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணுங்க, இன்னும் பாதி கூட ஆகலையே.”

“இந்த வேலை எனக்கு வேண்டாம். அந்தப் படம் போன வருஷம் எடுத்தது, நான் தேதி பார்த்துட்டேன். அதை எதுக்கு இன்னைக்கு எடுக்கறதுக்குப் பக்கத்துல போடறீங்கன்னு நீங்களே சொல்லுங்களேன்.”

கில்பர்ட் ஒரு தடவை யசோதாவைப் பார்த்தான், பிறகு தலையைக் குனிந்துகொண்டான். அதை மட்டும் தன்னிடம் கேட்க வேண்டாம், தன்னால் சொல்ல முடியாது என்றான்.

திருடன் மாட்டிக்கொண்டான் என்று தமயந்திக்குத் தோன்றியது. இவனிடம் பேசிப் பயனில்லை. அவள் நேராக யசோதாவிடம் போனாள்.

அவளை வைத்து என்ன நடக்கிறது என்பதை மெதுவாக, ஒன்றுவிடாமல் எடுத்துச் சொன்னாள். இன்றைய உடம்பை அசிங்கம் என்று காட்டப்போகிறார்கள், அந்த ஒல்லியான உடம்பை இவன் உருவாக்கியதாகச் சொல்லிக்கொள்ளப்போகிறான் என்றாள்.

“நீங்க சம்மதிக்காதீங்க. வாங்க, நானே உங்களை வீட்ல விட்டுடறேன்.”

யசோதா, கம்பி வழுக்காமலிருக்கக் கையில் பூசியிருந்த வெள்ளைப் பொடியைத் துணியில் துடைத்தாள். கில்பர்ட் ஏதோ சொல்ல வாயெடுத்தான். வேண்டாம் என்று அவள் கையைக் காட்டினாள்.

“அண்ணா மேல கோவப்படாதீங்க மேடம். எனக்கு டிபி நோய்னு தெரிஞ்சதும் பழைய வீட்டுக்காரங்க காலி பண்ணச் சொல்லிட்டாங்க. அதான் யார்கிட்டயும் சொல்லாதீங்கன்னு நான்தான் கேட்டுக்கிட்டேன்.”

தமயந்திக்கு ஒன்றும் புரியவில்லை. டிபிக்கும் இந்தப் படத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டாள்.

யசோதா பெஞ்சில் இருந்த கில்பர்ட்டின் போனை எடுத்து, அந்த ஒல்லியான படத்தை ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சொன்னாள்:

“அதுல நான் முப்பத்தாறு கிலோ. எடை ஏத்தத்தான் மேடம் இங்க வந்து சேர்ந்தேன்.”