மேட்டுக்கு ஒரு புல், பள்ளத்துக்கு ஒரு புல்

"மாமா, இது உங்க செருப்புத் தடம்தானே?"

மாப்பிள்ளைக்கு மூக்குக்கு மேல் கோபம். நாற்று நட்ட கையோடு ஜலதோஷம் முற்றி, இரண்டு நாள் ஆவி பிடித்துப் படுத்துவிட்டார். எழுந்து வந்து பார்த்தால் வயல் முழுக்க மண் கிளறிக் கிடக்கிறது!

"என் செருப்புதான். சும்மா வேடிக்கை பார்க்க வந்தேன்" என்றார் மாமனார், கூசாமல்.

மாமனார் இரும்புக்கடைக்காரர். கடையில் உட்கார வைத்த மாப்பிள்ளை, வாசனை எண்ணெய்க்குப் புல் வளர்க்கிறேன் என்று கிளம்பியது அவருக்குப் பிடிக்கவில்லை. முதல் வடிப்பில் ஐந்து லிட்டர் தேறாவிட்டால் மறுபடி ஆணி நிறுக்க வந்துவிட வேண்டும் என்று பந்தயமே போட்டிருந்தார்.

"ஜெயிக்கிறதுக்காக நாத்தைப் பிடுங்கிப் பார்த்திருக்கார் உங்கப்பா!" என்று மனைவியிடம் குதித்த மாப்பிள்ளை, அன்றோடு மாமனாரிடம் பேச்சை நிறுத்திக்கொண்டார்.

அப்படியும் பயிர் பிழைத்தது. சரளை மேட்டில் எலுமிச்சம்புல், தண்ணீர் தேங்கும் பள்ளத்தில் வெட்டிவேர். மண்ணுக்கேற்ற பயிர் வைத்த பெருமையில் மாப்பிள்ளைக்குத் தலைகால் புரியவில்லை.

ஐந்தாம் மாதம் எலுமிச்சம்புல் அறுப்பு. எண்ணெய் வடிப்புக்காரர் அதைக் கலனில் அடைத்து ஆவி ஏற்றினார். மஞ்சள் மஞ்சளாக எண்ணெய் வந்து மிதந்தது. ஆறு லிட்டர்!

மாப்பிள்ளை வடிப்புக்காரரை அலாக்காகத் தூக்கிச் சுற்றினார்.

"ஐயோ, இறக்குங்க! தூக்கணும்னா உங்க மாமனாரைத் தூக்குங்க."

"அவரையா? என் நாத்தைக் கிளறினவரையா?"

"கிளறலேன்னா இந்தப் புல்லு பள்ளத்துல அழுகியிருக்கும். ரெண்டு நாத்தும் பார்க்க ஒண்ணு போலத்தான் இருக்கும், மோந்துதான் பிரிக்கணும். நீங்க மூக்கடைப்போட மூட்டையை மாத்தி நட்டுட்டீங்க. அவர் ஒரு இலையைக் கசக்கி மோந்தவர், நேரா என்கிட்ட ஓடி வந்தார். நாத்து கொடுத்தவன் நான்தானே? நாலு ஆளை வெச்சு, நீங்க எழுந்திருக்கிறதுக்குள்ள அத்தனையையும் இடம் மாத்தி நட்டார்."

மாப்பிள்ளைக்குக் காது வரை வெட்கம். "பந்தயம் போட்டவரே ஏன் இப்படிப் பண்ணினார்?"

"நானும் கேட்டேன். 'கடையில உக்காந்தா மாப்பிள்ளை கொட்டாவி விடுறார், வயல்ல நின்னா விசிலடிக்கிறார். தப்பா நட்டது தெரிஞ்சா அந்த விசில் நின்னுடும், மூச்சு விடாதே'ன்னார்."