மழை தூறும் தட்டு

மாசிலாமணி வீட்டு அலமாரியில் ரெண்டு இசைத்தட்டுகள் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. ஒரே சிம்பொனி, அதே வாத்தியக்காரர்கள், ஒரே அச்சு. மூத்தவளை அவர் கல்யாணமான புதுசில் வாங்கினார். இளையவள் போன வாரம்தான் வந்தாள்.

தட்டு சுற்றும்போது அதுக்குத் தலைதான் சுற்றும், தன் பாட்டு தனக்குக் கேட்காது. அலமாரியில் நிற்கிறவளுக்குத்தான் கேட்கும். அப்படி இளையவளைக் கேட்டதிலிருந்து மூத்தவளுக்கு ஒரே ஏக்கம்.

"கண்ணாடி மாதிரி இருக்கேடி உன் பாட்டு. ஒரே அச்சுதானே, நானும் ஒரு காலத்துல இப்படித்தான் இருந்திருப்பேன். இப்ப எப்படி இருக்கேன்? மறைக்காம சொல்லு."

இளையவள் சொன்னாள்:

"அக்கா, உங்க பாட்டுல வயலின் எல்லாம் சேர்ந்து அழுவுதே, அந்த இடத்துல மழை தூறுது. முந்தாநாள் ஜன்னல்ல தூறுச்சே, அதே மாதிரி மெல்லிசா. ஐயா அப்ப கண்ணை மூடிக்கிறாரு. என் பாட்டுக்கு அவரு கண்ணை மூடினதே இல்ல. எனக்கு மட்டும் ஏன்க்கா மழை வைக்கல?"

"மழையாடி?"

மூத்தவளுக்குச் சிரிப்பு வந்தது. அது மழையில்லை, தேய்மானம் என்று சொல்ல வாயெடுத்தாள். சொல்லவில்லை. "முள்ளு மேல நடந்து நடந்து வந்த மழைடி அது. இன்னொரு தடவை சொல்லு, எப்படித் தூறுது?" என்றாள்.

மறுநாள் ஐயா இளையவளை எடுத்துச் சுற்ற விட்டார். முள் மெல்ல இறங்கி வந்தது.

இளையவள் அதன் காதோடு கெஞ்சினாள்: "முள்ளண்ணே, இன்னைக்குக் கொஞ்சம் அழுத்தி நடங்க."