கீயில் இல்லாத விடை

இருபத்தேழாவது தாளைத் திருத்தி முடித்த பிறகும் இளவரசியின் கை அதன்மேலேயே கிடந்தது.

விழுப்புரத்தில் பி.எட். விடைத்தாள் திருத்தும் முகாம். திண்டிவனத்தில் ஓர் ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் பாடம் எடுக்கும் இளவரசி, காலைப் பேருந்தில் நின்றுகொண்டே வந்திருந்தாள். மதியத்துக்குள் முப்பது தாள் முடித்தாக வேண்டும்.

பத்து மதிப்பெண் கேள்வி, பாடத்தில் உள்ள ஒரு தத்துவஞானியைப் பற்றியது. தனிமனித வளர்ச்சியே கல்வி என்ற அவர் கருத்தை விளக்க வேண்டும்.

விடைக்குறிப்பை இங்கே எல்லோரும் 'கீ' என்பார்கள். கீயில் ஐந்து வரிகள், வரிக்கு இரண்டு மதிப்பெண். முதல் வரி: ஒவ்வொரு குழந்தையும் தனித்தன்மை உடையது.

இருபத்தாறு பேர் அதை எழுத்துப் பிசகாமல் எழுதியிருந்தார்கள். தனித்தன்மையைப் பற்றி இருபத்தாறு பேரும் ஒரே மாதிரி! ஐந்து டிக், பத்து மார்க், அடுத்த தாள். கண்ணை மூடிக்கொண்டே திருத்தலாம்.

இருபத்தேழாவதில் அந்த ஐந்தில் ஒன்றுகூட இல்லை.

'ஓமந்தூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்குக் கற்பித்தல் பயிற்சிக்குப் போனேன். ஐந்தாம் வகுப்பில் ஒரு பெண் வாய் திறந்து படிக்கவே மாட்டாள். அவளை நான் எழுப்பி நிற்க வைக்கவில்லை. தினமும் பக்கத்தில் உட்கார்ந்து நானே படித்தேன். ஒருநாள் ஒரு சொல்லைத் தப்பாகப் படித்துவிட்டேன். அவள் திருத்தினாள். அன்றிலிருந்து படிக்கிறாள். அவர் சொன்னது இதைத்தான் என்று நினைக்கிறேன்.'

இளவரசி இரண்டு முறை படித்தாள். கீயைப் பார்த்தாள். போனால் போகிறதென்று ஒரு மார்க் போட்டாள்.

கூட்டினால் முப்பத்து மூன்று. முப்பத்தைந்து எடுத்தால்தான் தேர்ச்சி.

தாளில் பெயர் இல்லை, எண் மட்டும்தான். யாரோ ஒருவர். வாத்தியார் வேலை தெரிந்த அந்த ஒருவர்தான் இரண்டு மார்க்கில் வாத்தியார் ஆகாமல் நிற்கப் போகிறார்.

மனசு கேட்கவில்லை. தாளோடு தலைமைத் தேர்வாளர் அப்பாதுரையிடம் போனாள். அவர் நல்ல மனிதர். முழுதும் படித்துவிட்டுச் சிரித்தார்.

"நல்லாத்தாம்மா எழுதிக்கீது. ஆனா கீயில இல்லாததுக்கு நான் எப்டி மார்க் ஏத்துறது? கீ போட்டது யாருன்னு தெரிஞ்சா சொல்லுங்க, ஜல்தியா ஒரு போன் போட்டுக் கேட்டுக்கினு ஏத்திடலாம்."

கேள்வித்தாளும் கீயும் யார் தயாரித்தது என்பது முகாமில் யாருக்கும் தெரியாது.

இளவரசிக்குத் தெரியும். ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அடுப்பில் குழம்பு கொதிக்கிற நேரத்தில், இந்த வட்டாரமே செராக்ஸ் எடுத்து மனப்பாடம் செய்யும் தன் வகுப்பு நோட்ஸிலிருந்து ஐந்து வரியை அப்படியே கீயாக இறக்கி, உறையை ஒட்டி அனுப்பியவள் அவள்தான்.

அவர் காதோடு சொன்னால் போதும். யாரும் தலையை வாங்கப் போவதில்லை. ஆனால் அந்த விடையைக் கையில் வைத்துக்கொண்டு, இந்தக் கீ என்னுடையது என்று சொல்ல அவளுக்கு வெட்கமாக இருந்தது.

"தெரியலைங்க சார்" என்றாள்.

அப்பாதுரை முப்பத்து மூன்றின் கீழே கையெழுத்துப் போட்டார்.