மாதங்கிக்குச் சொல்லிக்கொடுத்த பாடம்

"மாதங்கிக்கு வேலையை ஒழுங்கா கத்துக்கொடுத்தோம்னா, அடுத்த மாசம் நாம எல்லாரும் வீட்டுல உட்கார வேண்டியதுதான்!" என்றார் லக்ஷ்மிநாராயணன். அந்தத் தனியார் வங்கியின் மல்காஜ்கிரி கிளைக்கு அவர் துணை மேலாளர்.

"கத்துக்கொடுக்கலேன்னா விடுவாங்களா சார்?" என்று கேட்டாள் காசாளர் வசந்தி.

"கத்துக்கொடுக்கலாம். ஆனா நான் சொல்றதை மட்டும்."

'ஊழியர்களின் அறிவே வங்கியின் மூலதனம். அது பெருகினால் செயல்திறன் பெருகும்' என்று தலைமையகம் அறிவித்தபோது கைதட்டியவர்கள்தான் இவர்கள். அந்த அறிவை ஒரு மாதத்தில் புதிதாக வந்திருக்கும் மாதங்கிக்குக் கொடுங்கள், அவள் தேறினால் ஆட்குறைப்பு என்று சொன்னதும் கிளையே கூடிக் கூடிப் பேச ஆரம்பித்தது. லக்ஷ்மிநாராயணனுக்கோ மகனின் படிப்பு பாதியில் இருக்கிறது. வேலை போனால் ஃபீஸ் யார் கட்டுவது?

மாதங்கிக்குக் கற்பூர புத்தி. சொன்னதை அப்படியே பிடித்துக்கொண்டாள். எதிர்க்கேள்வி கிடையாது. டீ வேளையில்கூட இடத்தை விட்டு அசையமாட்டாள்.

சோதனை நாளன்று தலைமையகத்திலிருந்து ஃபெலிக்ஸ் வந்து ஓரமாக உட்கார்ந்தார். லாலாகுடாவிலிருந்து ரயில்வே பென்ஷன்காரர் ஆரோக்கியசாமி மூன்றாம் கவுன்டருக்கு வந்தார்.

"என் போன் நம்பரை மாத்தணும்மா."

"சர்வர் டவுன் சார். லஞ்ச் முடிஞ்சு வாங்க," என்றாள் மாதங்கி, தேனொழுக.

"லஞ்ச் முடிஞ்சுதான் வந்திருக்கேன்!"

"அப்போ ஆதார் ரெண்டு ஜெராக்ஸ் வேணும். எதிர்க்கடையில எடுத்துட்டு வாங்க."

"இதோ வச்சிருக்கேனே!"

"அந்த சீட்டு மேடம் லீவு சார். நாளைக்கு வாங்க."

"கைக்கும்மா, எதுக்கும்மா இப்படி அலைய விடறீங்க? நக்கோ! இந்த பேங்கே வேணாம், நக்கோ!" என்று ஆரோக்கியசாமி வெளியேறினார்.

வசந்தி சிரிப்பை அடக்கப் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள்.

"தவளை தன் வாயால கெடும்னு சும்மாவா சொன்னாங்க?" என்று அவளிடம் கிசுகிசுத்த லக்ஷ்மிநாராயணன், முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு ஃபெலிக்ஸிடம் போனார்.

"எங்களுக்குத் தெரிஞ்சதையெல்லாம் சொல்லிக்கொடுத்தோம் சார். இருந்தாலும் அனுபவம்னு ஒண்ணு இருக்கில்லே?"

ஃபெலிக்ஸ் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"அபாரம் சார்! போன மாசம் நானே கஸ்டமர் மாதிரி வந்து உங்க எல்லாக் கவுன்டர்லயும் நின்னேன். அன்னிக்கு நீங்கள்லாம் எனக்குச் சொன்னதுல ஒரு வார்த்தைகூட மாறலே! அதே வேலை, சம்பளம் மிச்சம். திங்கட்கிழமையிலேருந்து நாலு கவுன்டர்லயும் மாதங்கிதான்."

சொல்லிவிட்டு, ஒயரைச் சுவரிலிருந்து பிடுங்கிச் சுருட்டி, மாதங்கியைத் தன் தோள்பைக்குள் வைத்துக்கொண்டார்.