காற்று வராத வகுப்பறை

"அந்த ரூம்ல மனுஷன் மூச்சு விட முடியாது சார். அப்புறம் பசங்க எங்கேருந்து பாஸ் பண்ணுவாங்க?"

வரலாற்றுப் பேராசிரியர் இதைச் சொன்னதோடு நிற்காமல், மூச்சு முட்டுவது எப்படி என்று கழுத்தைப் பிடித்துக்கொண்டு நடித்தும் காட்டினார். எதிரே கல்லூரி முதல்வர் முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மேசைமேல் தேர்வு முடிவுகள் கிடந்தன. பேராசிரியரின் வகுப்பில் தேறியவர்களை ஒரு கை விரல்களுக்குள் எண்ணிவிடலாம். அதிலும் கட்டை விரல் மிச்சமாகும்.

வேறு நாளாக இருந்தால் பேராசிரியர் இதற்கெல்லாம் அலட்டிக்கொண்டிருக்க மாட்டார். ஆனால் துறைத் தலைவர் நாற்காலி காலியாகியிருந்தது. அதில் யாரை உட்கார வைப்பது என்று அன்று சாயங்காலம் முடிவாக வேண்டும். கிடைத்தே விட்டது என்று மனைவியிடம் ஏற்கெனவே சொல்லிவிட்டார். மனைவி தன் தம்பியிடம் சொல்லிவிட்டாள். இனி கிடைக்காமல் போனால் மாமனார் வீட்டுப் பக்கம் தலைகாட்ட முடியாது. அதனால்தான் பழியைத் தூக்கிக் காற்றின் மேல் போட்டார். காற்று திருப்பிப் பேசாது அல்லவா?

பழியிலும் கொஞ்சம் விஷயம் இருந்தது. ஏ.சி. குளிர் கசியாமல் மின்சாரச் செலவைக் குறைக்க, கல்லூரியில் போன வருடம் ஜன்னல் இடுக்குகளையெல்லாம் அடைத்துவிட்டு, அறைக்கு அறை ஒரு காற்று இயந்திரம் பொருத்தியிருந்தார்கள். உள்ளே இருக்கும் கெட்ட காற்றை வெளியே தள்ளி, வெளியே இருக்கும் நல்ல காற்றை உள்ளே இழுப்பது அதன் வேலை. தேவைப்பட்டால் மட்டும் ஓடும். பேராசிரியரின் மூன்றாம் மாடி வகுப்பறையில் அது ஓடுவதே இல்லையாம். அடைசலான அறையில் மூளை மந்தமாகும், தூக்கம் சொக்கும், படித்தது மண்டையில் நிற்காது என்று பத்திரிகையில் படித்ததையெல்லாம் அவர் ஒப்பித்தார்.

முதல்வருக்கு மனசு இளகிவிட்டது. இயந்திரங்களைப் பொருத்திய பொறியாளர் அம்மாவைக் கூப்பிட்டனுப்பினார். மொட்டை மாடியில் வேலையாக இருந்தவர் அரக்கப்பரக்க இறங்கி வந்தார்.

"என்னம்மா இது? கரண்ட் மிச்சம் பிடிக்கிறேன்னு பசங்க உசுரை எடுக்கறீங்களா? எல்லாத்தையும் கழட்டிடலாம்னு இருக்கேன்."

அந்த இயந்திரங்களைப் பெற்ற பிள்ளைகளைப் போலப் பார்த்துக்கொண்டவர் அந்த அம்மா. கையிலிருந்த போனில் ஒவ்வோர் இயந்திரமும் எப்போது ஓடியது என்று பார்க்க முடியும். அதை அவசரமாகத் தடவிப் பார்த்துவிட்டுப் பேராசிரியரை ஏறிட்டார்.

"உங்க பீரியட்ல அது ஓடவே இல்லன்னு நிச்சயமா தெரியுமா சார்?"

"தெரியுமாவா? வருஷம் பூரா அதை அண்ணாந்து பார்த்துக்கிட்டேதானே பாடம் நடத்தினேன்."

அதன்பின் பேராசிரியரை நிறுத்த முடியவில்லை. நாற்பது மாணவர்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்ததையும், கடைசி பெஞ்சில் ஒருவன் மயங்கிச் சரிந்ததையும், அவன் முகத்தில் தண்ணீர் தெளித்துவிட்டு மேற்கொண்டு பாடம் நடத்தியதையும் சொன்னார். முதல்வர் உச்சுக் கொட்டினார். ஊக்கம் பெற்ற பேராசிரியர் இன்னும் ஒருவனை மயங்க வைத்தார்.

"சார் சொல்றது உண்மைதான். அவர் பீரியட்ல அது ஒரு நாள்கூட ஓடல" என்றார் பொறியாளர் அம்மா.

பேராசிரியர் துறைத் தலைவர் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அப்ப ஓட்டை மிஷினைத்தான் எங்க தலையில கட்டியிருக்கீங்க" என்றார் முதல்வர்.

"மிஷின் நல்லாத்தான் இருக்கு சார். அதே ரூம்ல அடுத்த பீரியட் கணக்கு மேடம் வந்ததும் ஓடுது. ஆளுங்க விடுற மூச்சை வச்சுதான் அது ஓடும். ஆளில்லாத ரூம்ல ஓடினா கரண்ட் தண்டம்தானே?"

பேராசிரியரின் முகத்தில் ஈயாடவில்லை. ஆனாலும் மனுஷன் லேசுப்பட்டவர் இல்லை. மயங்கிய இருவரையும் மறந்துவிட்டு, மாணவர்கள் யாருமே வகுப்புக்கு வருவதில்லை, காலி பெஞ்சுகளுக்குத்தான் வருடம் முழுக்கப் பாடம் நடத்தினேன், சொன்னால் முதல்வர் வருத்தப்படுவாரே என்று மறைத்தேன் என்று குரல் தழுதழுக்கச் சொன்னார்.

"ஒரு ஆள் போதும் சார். காலையில கூட்டற அம்மா தனியா நின்னு கூட்டினாலே ஓடுது."

பேராசிரியர் தரையைப் பார்த்தார். நாற்காலி போயிற்று, மாமனார் வீடும் போயிற்று. பாவமாகத்தான் இருந்தது.

இயந்திரப் பிள்ளைகள் பிழைத்துக்கொண்ட சந்தோஷத்தில் பொறியாளர் அம்மாவுக்கு வாய் நிற்கவில்லை.

"உங்க ரூம்லகூட இப்படித்தான் சார், மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் ஓடறதே இல்ல. நீங்க கதவைச் சாத்திக்கிட்டு உள்ள ஃபைல் பார்க்கறதா வெளிய சொன்னாங்க. மிஷின்லதான் கோளாறுன்னு ரெண்டு தடவ மாத்திக்கூடப் பார்த்துட்டேன்..."

சொல்லச் சொல்ல அவர் குரல் தேய்ந்தது.

முதல்வர் கண்ணாடியைக் கழற்றி, நிதானமாகத் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டார்.

"பசங்க உசுரோட விளையாடக் கூடாதும்மா. நாளைக்கே எல்லா ரூம்லயும் அந்த மிஷினைக் கழட்டிடுங்க" என்றவர், எழுந்து பேராசிரியரிடம் கையை நீட்டினார். "வாழ்த்துகள், துறைத் தலைவரே."