இரண்டு போத்தல் மருந்து

“மச்சான், இன்னும் நாலு கிளாஸ் கிடக்கு. மூக்கப் பொத்திட்டுக் குடிங்க!” என்று கணவரிடம் கிளாஸை நீட்டினாள் றஹீமா.

“யா அல்லாஹ்! இது மருந்தா, கடல் தண்ணியா?” என்று முகத்தைச் சுளித்தார் மசூர். குடித்த கையோடு இடுப்பில் கட்டியிருந்த சாரத்தைத் தூக்கிப் பிடித்தபடி கக்கூசுக்கு ஓடினார். அஸர் தொழுகைக்குப் பிறகு இது ஏழாவது ஓட்டம்.

மேசையில் இரண்டு போத்தல்கள். ஒன்று அவருக்கு, மற்றது றஹீமாவுக்கு. நாளைக் காலை கல்முனை ஆஸ்பத்திரியில் இருவருக்கும் குடலுக்குள் கமெரா விட்டுப் பார்க்கப் போகிறார்கள். அதற்குக் குடல் துப்புரவாக இருக்க வேண்டுமாம். பக்கத்து வீட்டுச் சுறாமீன் வறை வேறு வாசம் வீசி, பட்டினி கிடந்த அவர் உயிரை வாங்கியது.

எல்லாம் றஹீமாவால் வந்தது. போன மாதம் ஒருநாள், “மச்சான், வெளிக்குப் போகக்குள்ள எனக்கு ரெத்தம் போகுது” என்றாள். மசூர் பதறிப்போய் அன்றே டொக்டரிடம் கூட்டிப்போனார்.

“பொம்புளைட விசயம், நீங்க வெளிய இரிங்க” என்று அவள் மட்டும் உள்ளே போனாள். திரும்பி வந்து இந்தச் சோதனையைப் பற்றிச் சொன்னாள். “தனியச் செய்ய எனக்குப் பயம். நீங்களும் செஞ்சாத்தான் நானும் செய்வன்” என்று ஒற்றைக் காலில் நின்றாள்.

ஊசியைக் கண்டாலே கண்ணை மூடுகிற மனிதர் மசூர். ஆனாலும் றஹீமா இல்லாத வீட்டை அவரால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. “சரி புள்ள, செய்வம்” என்றார்.

கக்கூசிலிருந்து வந்தவர் மனைவியைச் சந்தேகமாகப் பார்த்தார். “நான் கக்கூஸே குடியிருப்பா இரிக்கன். உனக்கு ஒண்டையும் காணல்லியே?”

“பொம்புளைட வயிறு பொறுமசாலி” என்றாள், தன் கிளாஸை ஒரே மூச்சில் குடித்துவிட்டு. “அந்தச் சாரத்தத் தாங்க, கழுவிப் போடுறன்.”

“வேணாம், வேணாம். நானே கழுவுறன்.”

“ரெண்டு மாசமா உங்கட சாரத்த நீங்களே கழுவுறீங்க. இப்படி ஒரு மாப்பிள்ள ஊரில ஆருக்குக் கிடைக்கும்?” என்று சிரித்தாள்.

மசூர் வாளியைத் தூக்கிக்கொண்டு கிணற்றடிக்குப் போய்விட்டார்.

மறுநாள் ஆஸ்பத்திரி வாட்டில் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். “பயப்படாத புள்ள. முதல்ல நான் போறன். எப்படி எண்டு வந்து சொல்றன்” என்று வீரமாக உள்ளே போனார்.

மயக்கம் தெளிந்தபோது பக்கத்தில் றஹீமாவும் டொக்டரும் நின்றார்கள்.

“குடலில ரெண்டு சின்னக் கட்டி இருந்திச்சு. அப்பவே வெட்டி எடுத்தாச்சு” என்றார் டொக்டர். “அஞ்சாறு வருசம் விட்டிருந்தா புற்றுநோயா மாறியிருக்கலாம். நல்ல நேரம் வந்தீங்க.”

“அல்ஹம்துலில்லாஹ்!” மசூருக்குக் கண் கலங்கியது. “என்ன விடுங்க டொக்டர். ரெத்தம் போறது இவவுக்குத்தான். இவவ எப்ப உள்ள கூப்பிடுறீங்க?”

“இவவயா? லிஸ்டில உங்கட பேர் மட்டும்தானே கிடக்கு!”

மசூர் மனைவியைப் பார்த்தார். அவள் முக்காட்டு நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

“என்ட போத்தல்ல இருந்தது மருந்தில்ல, தேசிக்காய் புளிஞ்ச தண்ணி மச்சான். நீங்க சாரத்த ஒளிச்சி ஒளிச்சிக் கழுவக்குள்ளயே, ரெத்தம் ஆருக்குப் போகுதெண்டு எனக்குத் தெரிஞ்சிட்டு.”