கேசரிக்குப் பிந்தைய சம்மதம்

இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்யலாம்.

சங்கரபாண்டியனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. பெண் பார்க்க வந்தவர்கள் கூடத்தில் காத்திருக்க, மகள் இளவேனில் கை நடுங்க, நெற்றி வியர்க்க நின்றாள். பதற்றத்தில் காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படவில்லை. மாப்பிள்ளைப் பையன் அவள் பெயரைக் கேட்டான். "சம்மதம்" என்றாள். என்ன படித்திருக்கிறாள் என்று கேட்டதற்கும் "சம்மதம்"தான்.

"எதக் கேட்டாலும் சரிங்குதே! எங்க வீட்டுக்கு ஏத்த மருமக," என்றாள் பையனின் தாய்.

ஆனால் ரத்தச் சர்க்கரையை அளந்து காட்டும் இளவேனிலின் மணிக்கட்டுப் பட்டை சிவந்துவிட்டது. ரத்தத்தில் சர்க்கரை இறங்கினால் மூளை மழுங்கும். அந்த நேரத்துச் சம்மதம் சட்டப்படி செல்லாது.

"பட்டையக் கழத்திட்டுத் தட்ட மாத்துவோம் அண்ணாச்சி. யாரு பாக்கப் போறா?" என்றாள் பையனின் தாய்.

ஏற்கனவே மூன்று வரன் தட்டிப்போன வீடு. சங்கரபாண்டியன் வாசலுக்கும் அடுக்களைக்குமாக நடந்தார். ஆசை ஒரு பக்கம் இழுத்தது, சட்டம் மறுபக்கம் இழுத்தது. கடைசியில் மனைவியைப் பார்த்துக் கத்தினார்: "ஏட்டி, கேசரியக் கொண்டா!"

சம்மதம் பதிவாகும்வரை விருந்தாளிகள் கைநனைக்கக் கூடாது. அதனால் இளவேனில் மட்டும் சாப்பிட்டாள். கிண்ணம் காலியானது. சற்று நேரத்தில் பட்டை பச்சையானது. கண் தெளிந்து பையனை மேலும் கீழும் பார்த்தாள்.

"இவரா? வேண்டாம்ப்பா."

"கேசரியக் குடுத்துக் கெடுத்தீங்களே அண்ணாச்சி!" என்று பையனின் தாய் தாம்பாளத்தைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள்.

வீடு வெறிச்சென்றானதும் சங்கரபாண்டியன் மிச்சக் கேசரியில் ஒரு வாய் எடுத்துப் போட்டார். அவர் மனைவி பதற்றத்தில் அதில் சர்க்கரையே போடவில்லை.